விடு என்றால் பிடித்துவிட்டேன்

எங்கள் கடையில் ‘விடு’ என்ற சொல்லுக்கு அர்த்தமே வேறு. தெருவில் ஒருவர் இன்னொருவரிடம் ‘விடு’ என்றால் போனால் போகட்டும், மறந்துவிடு என்று பொருள். எங்கள் கடைக்குள் அப்படிச் சொன்னால், நான் பிடித்துக்கொண்டேன், இனி நீ கையை எடுக்கலாம் என்று பொருள். இரட்டைக் கட்டில் பெட்ஷீட்டை இரண்டு பேராக மடித்துப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். ‘உதறு’ என்றால் உதற வேண்டும். ‘வா’ என்றால் கைகளை உயர்த்தியபடி எதிரில் இருப்பவரை நோக்கி நடக்க வேண்டும். முனையோடு முனை சேர்ந்ததும், அதை வாங்கிக்கொள்பவர் ‘விடு’ என்பார். அதற்கு முன்னால் கையை எடுத்தால் துணி ஈரத் தரையில் விழும், மறுபடி தொட்டிக்குப் போகும். அந்தச் சொல் காதில் விழாமல் விடக் கூடாது. காதில் விழுந்த பிறகு யோசித்துக்கொண்டு நிற்கவும் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

‘எங்கள் கடை’ என்கிறேனே தவிர கடை எனக்குச் சொந்தமில்லை. சலவைக் கடை அண்ணனுக்கும் அண்ணிக்கும் சொந்தம். முன்பக்கம் கண்ணாடிச் சன்னலோரம் என் தையல் மிஷினுக்கு ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். கிழிந்த உறை, பொத்தான் போன சட்டை, வாயைப் பிளந்த ஜிப் எல்லாம் என் பக்கம் வந்து சேரும். கூடப் பிறக்காவிட்டாலும் வாய் நிறைய அண்ணன் அண்ணி என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அண்ணன் வேன் ஓட்டுகிறார். ஹோட்டலிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் அழுக்கு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளுத்த துணியை ஏற்றிக்கொண்டு போவார். மற்ற எல்லாம் அண்ணி.

உள்ளே பெரிய மிஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த இரைச்சல் கேட்டுக் கேட்டு, அது இருப்பதே மறந்துவிடும். நீராவி வந்து கண்ணாடியில் படிந்து, தெருவில் போகிறவர்கள் எல்லாம் பாலில் நனைந்தவர்கள் மாதிரி தெரிவார்கள். மதியத்தில் மிஷின் மேல் கை வைத்தபடியே நான் கண் அயர்ந்துவிடுவதுண்டு. கனவில் கூட வெள்ளைத் துணிதான் வரும். அந்த மயக்கத்தைக் கிழித்துக்கொண்டு வருவது அண்ணியின் குரல் ஒன்றுதான். கல்யாணத்தன்று இவள் பேசியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை என்று அண்ணன் சத்தியம் செய்வார். மிஷின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி வந்த குரல் அது. தெருமுனையில் நிற்கும் அண்ணனைக் கடைக்குள் இருந்தபடியே கூப்பிட்டுச் சாப்பிட வைப்பாள். தெருக்காரர்கள் அவளுக்கு ‘சைரன்’ என்று பேர் வைத்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இவர்களுக்கு ஒரே மகள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியதால் பம்பரம் என்று நான்தான் பேர் வைத்தேன். பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி அதே பேரை எழுதினார்கள். போகட்டும்.

பம்பரம் வளர்ந்தது பின்முற்றத்தில். அங்கே கொடி கொடியாகப் பெட்ஷீட்டுகள் தொங்கும். குழந்தைக்கு விளையாட வேறு இடம் கிடையாது. ஒரு ரப்பர் பந்தை உருட்டிக்கொண்டு துணிகளுக்கு நடுவே ஓடுவாள். பந்து துணியில் பட்டுக் கறை விழுந்தால் அவளே துவைக்க வேண்டும் என்பது அண்ணியின் உத்தரவு. முதல் வருஷம் நிறையத் துவைத்தாள். பிறகு துவைக்கவே இல்லை. எங்களை அவள் முகம் பார்த்துக் கண்டுபிடிக்க மாட்டாள். துணிக்கு அடியில் தெரியும் காலைப் பார்த்தே யார், எந்தப் பக்கம் திரும்பப் போகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். “அத்தை, நீங்க இடது பக்கமா திரும்பப் போறீங்க” என்று துணிக்குப் பின்னாலிருந்து குரல் வரும். நான் வேண்டுமென்றே வலது பக்கம் திரும்புவேன். ஆனால் நினைத்ததென்னவோ இடது பக்கம்தான்.

பள்ளிக்கூடத்தில் ஆண் பிள்ளைகளோடு கால்பந்து ஆடினாள். பிறகு கல்லூரிக்காரர்கள் தேடி வந்து, படிப்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் போன வருஷமே கோப்பை வந்தது. அதுவரை அந்தக் கல்லூரியில் கோப்பை வைக்க அலமாரியே இல்லையாம், நூலகத்தில் அகராதிகளைக் கீழே இறக்கிவிட்டு அங்கே வைத்தார்கள். அவள் படிப்பை முடிப்பதற்குள் அகராதிகளுக்குத் தனியாக ஓர் அறையே பார்க்க வேண்டியதாகிவிட்டது. அங்கிருந்து நாட்டு அணி. விமானம், வெளிநாடு, தொலைக்காட்சி. அண்ணன் அவள் படத்தை வேனின் பின்கண்ணாடியில் ஒட்டினார். பின்னால் வரும் வண்டி தெரியாமல் இரண்டு தடவை இடித்துக்கொண்ட பிறகும் அதை எடுக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து போனில் பேசும்போது அவள் கோல் போட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. “அம்மா, இங்க ஹோட்டல்ல பெட்ஷீட்டை முனை சேக்காம அப்படியே சுருட்டி வெச்சிருக்காங்கம்மா” என்பாள். “பரதேசிங்க” என்று அண்ணி இங்கிருந்து கத்துவாள். போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

கடையின் சொல்லை அவள் மைதானத்துக்கும் கொண்டுபோனாள். பந்து ஒருத்தியை நோக்கி வரும்போது, பின்னால் நிற்கும் தோழி ‘விடு’ என்றால், முன்னால் நிற்பவள் தொடாமல் காலுக்கு இடையில் விட்டுவிட வேண்டும். எதிரணி முன்னவள் மேல் பாய்ந்து ஏமாந்து போகும், பந்து பின்னவளிடம் பத்திரமாக இருக்கும். நாட்டு அணியில் பல பாஷை பேசும் பெண்கள். எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே சொல் எங்கள் கடைச் சொல்லாகிவிட்டது. எனக்குப் பந்து விளையாட்டு என்றாலே ஆகாது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரு பொருளுக்காக அடித்துக்கொள்வதில் என்ன அழகு இருக்கிறதோ தெரியவில்லை. ஆனால் முன்பின் தெரியாத பெண்கள் அந்நிய வாயால் ‘விடு’ என்று கூவுவதைத் தொலைக்காட்சியில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது உண்மை.

போன வருஷம் நம்மூரிலேயே அரையிறுதி நடந்தது. அண்ணியும் அண்ணனும் போனார்கள். கடையைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். அன்றைக்கு நல்ல மழை. பெண்கள் ஆட்டம் என்பதால் ஏற்கெனவே கூட்டம் குறைவு, இருந்தவர்களிலும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தபோது, பம்பரத்துக்கு ஒரு பந்து வந்தது. பச்சைக் குழந்தை கூட நிறுத்தியிருக்கக்கூடிய பந்து. எதிரணிக்காரி ஒருத்தி காலை நீட்டிக்கொண்டு சறுக்கி வந்தாள். பம்பரம் பந்தைத் தொடவில்லை. காலுக்கு இடையில் விட்டுவிட்டாள். பின்னால் எங்கள் அணியில் ஒருத்தி கூட இல்லை. எதிரணியின் இன்னொருத்தி ஓடி வந்து அதை எடுத்துக்கொண்டுபோய் வலைக்குள் போட்டாள். அதோடு முடிந்தது.

நின்றபடியே தூங்கிவிட்டாள் என்று எழுதினார்கள். விலை போய்விட்டாள் என்றும் பேசினார்கள். அந்தக் காட்சியை வெட்டிப் பாட்டுப் போட்டுப் போனில் பரப்பினார்கள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த ஒருத்தன் அதைப் பார்த்துச் சிரித்தான். இறங்கும்போது அவன் காலை நன்றாக மிதித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

அதற்குப் பின் சில மாதத்தில் பயிற்சியின்போது அவளுக்கு முட்டி போனது. அறுவை சிகிச்சை நடந்தது. கட்டுப் போட்ட காலோடு வீட்டுக்கு வந்தவள், கட்டு அவிழ்த்த பிறகும் போகவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் எங்களோடுதான் இருந்தாள். நொண்டி நொண்டி உறைகளை அடுக்கினாள். பெரிய போட்டி ஒன்று வருகிறது, அணிக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று கேட்க அவளுடைய பயிற்சியாளர் நேரில் வரப்போவதாகத் தகவல் வந்தது.

அவர் வருவதற்கு முந்தின நாள் அண்ணன் ஒரே ஆர்ப்பாட்டம். ரொட்டியைக் காப்பியில் முக்கிக்கொண்டே, “கோச்சம்மாவுக்கு உக்கார நல்ல நாற்காலி ஒண்ணு வேணுமே” என்றார்.

“இருக்குற பெஞ்சு போதும்” என்றாள் அண்ணி. “அவங்க என்ன குடித்தனம் நடத்தவா வராங்க?”

“அதுக்கில்லடி. நம்ம பொண்ணைக் கூப்பிட வராங்க.”

“முட்டி சரியில்லாத பிள்ளையை எங்க கூப்பிடுறாங்க? முட்டையைச் சாப்பிடு. ஆறுது.”

கடைசி வாக்கியம் மகளுக்கு. பம்பரம் தலையைக் குனிந்து முட்டையைச் சாப்பிட்டாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு, ஓரம் பிரிந்த பெட்ஷீட் ஒன்றைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். மழைக்காலத்தில் துணிகளைத் தகரக் கொட்டகைக்குள் கட்டியிருப்போம். கூரைமேல் மழை விழும் சத்தம். கொதிகலன் குழாயிலிருந்து கசியும் ஆவி துணிகளுக்கு நடுவே மெல்லத் தவழ்ந்துகொண்டிருந்தது. மேகத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது எனக்கு. அப்போதுதான் துணிக்கு அடியில் இரண்டு கால்களைப் பார்த்தேன். வெறுங்கால்கள். அவற்றோடு ஒரு பந்து. கால்கள் போகும் இடமெல்லாம் பந்தும் போனது. ஒரு துணி கூட அசையவில்லை. சுழன்றன, நின்றன, மறுபடி சுழன்றன. நான் வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கால்களில் நொண்டல் என்பது மருந்துக்கும் இல்லை.

“அடி கள்ளி” என்றேன்.

கால்கள் நின்றன. பந்து மட்டும் உருண்டு வந்து என் செருப்பில் முட்டியது.

“அத்தையா?”

“அத்தைதான். நொண்டுறதெல்லாம் எங்களுக்கு மட்டுமா, பெட்ஷீட்டுக்குக் கிடையாதா?”

துணியை விலக்கிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வியர்வை. “அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை.”

“மொதல்ல விஷயத்தைச் சொல்லு. சொல்றதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கிறேன்.”

துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் இன்னொன்றில் உட்கார்ந்தேன்.

“முட்டி நல்லாயிடுச்சு. டாக்டர் எப்பவோ சொல்லிட்டாரு.”

“அப்புறம் என்னடி கேடு உனக்கு?”

“காது.”

“காதா?”

“அன்னிக்கு எனக்கு ‘விடு’ன்னு கேட்டுச்சு அத்தை. நான் தூங்கல. பந்து வருது. எதிர்ல ஒருத்தி சறுக்கிட்டு வரா. இதோ நீங்க பேசுற மாதிரி தெளிவா ‘விடு’ன்னு கேட்டுச்சு. அதைக் கேட்டா எனக்கு யோசிக்கவே தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. விட்டுட்டேன். திரும்பிப் பாத்தா பின்னாடி யாருமே இல்ல.”

“கூட ஆடினவளுங்களைக் கேட்டியா?”

“ஒவ்வொருத்தியா கேட்டேன். யாருமே கூப்பிடலைன்னாங்க. வீடியோவைப் போட்டுப் போட்டுப் பாத்தேன். அதுல மழைச் சத்தம்தான் இருக்கு. அப்போ என்னைக் கூப்பிட்டது யாரு? பேயா?”

“பேய்க்கு வேற வேலை இல்ல பாரு, மழையில நனைஞ்சுக்கிட்டு ஃபுட்பால் பாக்க வந்துச்சாக்கும்.”

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. “அதுலேர்ந்து யாரு ‘விடு’ன்னாலும் திரும்பிப் பாத்துடுறேன். நெஜமாவே ஆள் இருக்கான்னு. அதுக்குள்ள பந்து போயிடுது. ஒரு நாள் பயிற்சியில அப்படித்தான் படக்குன்னு திரும்பினேன். செருகின மாதிரி கால் புல்லுல மாட்டிக்கிச்சு. உடம்பு திரும்புது, கால் திரும்பல. முட்டி போனது அப்படித்தான்.”

பந்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கூரையில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

“கோச்சம்மாகிட்ட இதைச் சொன்னா என்ன?”

“என்னன்னு சொல்றது? இல்லாத குரல் கேக்குதுன்னா? முட்டின்னு சொன்னா மேல யாரும் கேக்க மாட்டாங்க அத்தை. முட்டிக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. நாளைக்கு வந்தாங்கன்னா முடியலைன்னு சொல்லிடப் போறேன். தன் காதையே நம்ப முடியாதவ எப்படி ஆடுறது?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆடாம இருக்கவும் முடியல. அதான் இங்க வந்து ஒளிஞ்சு ஆடுறேன். இதுங்க என்னைக் கூப்பிடாது பாருங்க.”

தொங்கும் துணிகளைத்தான் சொன்னாள். நான் அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தேன். தேடி வந்த பெட்ஷீட்டை எடுக்காமலே திரும்பிவிட்டேன்.

மிஷினில் உட்கார்ந்தும் தையல் ஓடவில்லை. ஏதோ ஒன்று மனசில் நெருடிக்கொண்டே இருந்தது. ‘விடு’ என்ற சொல்லைக் கடையில் நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று? அண்ணியும் அண்ணனும் மடிக்கிறார்கள். அண்ணியும் மகளும் மடிக்கிறார்கள். ‘உதறு’ என்கிறாள், ‘வா’ என்கிறாள். முனை சேர்ந்ததும் தலையை மட்டும் ஆட்டி வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள். கேட்டால் தொண்டை சரியில்லை என்பாள். இது எப்போது ஆரம்பித்தது என்று எண்ணிப் பார்த்தேன். பார்த்ததும் எழுந்து உள்ளே போனேன்.

அண்ணி பெரிய இஸ்திரி மிஷினில் தலையணை உறைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேனில் போயிருந்தார்.

“அண்ணி, நீங்க ‘விடு’ன்னு சொல்லிக் கேட்டே ரொம்ப நாளாச்சே, ஏன்?”

“தொண்டை சரியில்லைன்னு சொன்னேனே.”

“‘உதறு’ சொல்ல முடியுது, ‘வா’ சொல்ல முடியுது. ‘விடு’வுக்கு மட்டும் தொண்டையில அப்படி என்ன முள்ளு?”

“உன் ஊசியை மட்டும் நீ பாரேன்.”

“பாத்துட்டுதான் வரேன்.”

அவள் கை ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு உறை, இன்னொரு உறை. ஆவி முகத்தில் அடித்ததால் அழுகிறாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

“நான்தான்” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. “எருமை மாதிரி ஒருத்தி காலை நீட்டிக்கிட்டு வரா. எனக்குப் பந்து எங்க தெரியுது? என் பிள்ளை கால்தான் தெரியுது. ‘விடு, விட்டுத் தொலைடி, பந்து போனா போகுது’ன்னு சொல்ல வந்தேன். மொத சொல்லு மட்டும்தான் வாயில வந்துச்சு. அவ விட்டுட்டா. பொறந்ததுலேர்ந்து என் பேச்சைக் கேட்டு உடனே ஒரு காரியம் செஞ்சான்னா அது ஒண்ணுதான்.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“அவர் டீ வாங்கப் போயிருந்தாரு. வந்ததும் என்னாச்சு என்னாச்சுன்னு என்னையே கேக்குறாரு.”

“பிள்ளைகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்வேன்? நாடே திட்டுது. அதுல நான் போயி, உன்னை இந்தக் கதிக்கு ஆளாக்கினது உன்னைப் பெத்தவதான்டின்னா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் முட்டி போச்சு. வீட்டுக்கு வந்துட்டா.” உறையை நீவினாள். “உன்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன? எனக்கு அது நிம்மதியா இருந்துச்சு. எந்தத் தேசத்துல எவ வந்து மிதிப்பாளோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன். இப்போ காலையில எந்திரிச்சா கட்டில்ல படுத்திருக்கா. நான் வெச்சதைச் சாப்பிடுறா. ரெண்டு காலும் இருக்கு. இது தப்பா? நீயே சொல்லு, பெத்தவளுக்கு இது தப்பா?”

அது தப்பென்று எனக்குப் படவில்லை. ஆனால் கொட்டகையில் பார்த்த கால்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

“அந்த முட்டி ஏன் போச்சுன்னு தெரியுமா அண்ணி?”

பம்பரம் சொல்லாதே என்றாள்தான். நான் சரி என்று வாக்குக் கொடுக்கவில்லை. காது, பேய், திரும்பிப் பார்ப்பது, கால் புல்லில் மாட்டியது, ஒளிந்து ஆடுவது எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே நின்றாள். கை மட்டும் மிஷின் கைப்பிடி மேல் அப்படியே இருந்தது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் இருவருக்கும் நினைவு வந்தது. உறையை இழுத்து எடுத்தாள். நடுவில் பழுப்பாக ஒரு கறை. இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரு துணியைக் கருக்கி நான் பார்த்ததில்லை.

“இதைத் தைக்க முடியுமா?” என்று என்னிடம் நீட்டினாள்.

“கிழிஞ்சாத் தைக்கலாம் அண்ணி. கருகினதை என்ன பண்றது?”

அதை மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன் பிறகு அன்றைக்கு அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சைரன் ஓய்ந்துவிட்டதா என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வெயில் என்று சொல்ல முடியாது, மழைநீர் கலந்த மாதிரி ஒரு வெளிச்சம். பின்முற்றத்துக் கொடிகளில் துணி காற்றில் நிறைந்து நிறைந்து அடங்கியது. ஹோட்டலுக்கு அவசரமாகப் போக வேண்டிய மூட்டை என்று அண்ணியும் மகளும் முற்றத்திலேயே மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் வந்து சேர்ந்தார். உயரமான அம்மா, சன்னமான குரல். அண்ணன் எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்த நாற்காலியைப் போட்டார். கோச்சம்மா அதில் உட்காராமல் டீ தம்ளரோடு வாசற்படியில் சாய்ந்து நின்றார்.

“வேலையை முடிங்க. நான் காத்திருக்கேன்” என்றார்.

“இதுல காத்திருக்க ஒண்ணுமில்ல மேடம்” என்றாள் பம்பரம், கையில் இரண்டு முனையோடு. “நான் சொல்ல வேண்டியதை இப்பவே சொல்லிடுறேன். என்னால...”

“உதறு” என்றாள் அண்ணி.

பேச்சு நின்றது. பழக்கம் விடுமா? உதறினாள். துணி எழும்பி, ஒரு கணம் இருவரையும் மறைத்து, இறங்கியது.

“வா.”

பம்பரம் கைகளை உயர்த்திக்கொண்டு நடந்து வந்தாள். முனையோடு முனை சேர்ந்தது. அண்ணி தலையை ஆட்டவில்லை. பிடுங்கவும் இல்லை. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மைதானத்துக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“விடு!”

அண்ணன் தன் டீ தம்ளரைத் தவறவிட்டார். கொடியில் உட்கார்ந்திருந்த குருவிகள் பறந்தன. பம்பரம் விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லைக் கேட்டும் விடாமல், முனைகளை இறுகப் பிடித்தபடி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்றில் மற்ற துணிகள்தான் ஆடிக்கொண்டிருந்தன.

“நீயா?” என்றாள்.

“நான்தான்டி.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கும் நான்தான். உன் காலுக்குப் பயந்து கத்தினேன். பந்தை விட்டுட்டு ஓடி வந்துடுன்னு கத்தினேன். நம்ம கடைச் சொல்லா உனக்குக் கேக்கும்னு எனக்குத் தோணல.”

பம்பரம் வாயைத் திறந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றுகூட நினைத்தேன்.

“அப்போ என் காது நல்லாத்தான் இருக்கா?” என்று கேட்டாள்.

“உன் காதுக்கு என்ன? ஒரு குறையும் இல்ல. என் வாய்க்குத்தான் கொழுப்பு.”

அதன் பிறகுதான் அழுகை வந்தது, கோபமும் வந்தது. “ஒரு வருஷம்மா! ஒரு வருஷமா பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்மா! என்னென்ன பேசினாங்க தெரியுமா? பாத்துக்கிட்டே இருந்தியேம்மா!” என்று கத்தினாள். சைரனின் மகள் என்பது அன்றைக்குத்தான் தெருவுக்கே தெரிந்தது. அண்ணி முகத்தைத் திருப்பவில்லை. கத்தி முடிக்கும் வரை வாங்கிக்கொண்டாள். இத்தனைக்கும் இருவரும் துணியைக் கீழே போடவில்லை. நனைந்த தரையில் விழுந்தால் மறுபடி துவைக்க வேண்டுமே.

அழுது ஓய்ந்த பிறகு பம்பரம் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“என்னத்தை?”

“சொல்லும்மா.”

அண்ணியின் கைகள் மகளின் கைகள் மேல் இருந்தன. “விடு” என்றாள். இந்த முறை குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பம்பரம் விட்டாள். நான்கு முனையும் அண்ணியின் கையில் இருந்தன. பம்பரம் நொண்டாமல் முற்றத்தைக் கடந்துபோய்ப் பயிற்சியாளரின் முன்னால் நின்றாள்.

“மேடம், பயிற்சி என்னிக்கு ஆரம்பிக்குது?”

அந்த அம்மா அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியாவிட்டாலும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பம்பரம் திரும்பித் தாயைப் பார்த்து, “நீ ஆட்டம் பாக்க வரலாம். ஆனா வாயைத் திறக்கக் கூடாது” என்றாள்.

அந்தப் பெரிய போட்டியின் முதல் ஆட்டத்துக்கு அண்ணி போனாள். அண்ணனுக்கு வேன் வேலை இருந்ததால் என்னோடு கடையில் தங்கிவிட்டார். எல்லா மிஷின்களையும் நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தோம். மிஷின் சத்தம் இல்லாத கடை வேறு யாருடைய கடை போலவோ இருந்தது. கூட்டத்தைக் காட்டும்போது அண்ணியை நான்தான் முதலில் பார்த்தேன். கருகிய தலையணை உறையைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இவ ஏன் துணியைத் தின்றா?” என்றார் அண்ணன்.

ஆட்டம் பாதி தாண்டியதும் பம்பரத்துக்கு ஒரு பந்து வந்தது. எதிரணிக்காரி ஒருத்தி அவளை நோக்கிப் பாய்ந்து வந்தாள். எங்கிருந்தோ ஒரு இளம் பெண்ணின் குரல், வேற்று நாக்கில் கொஞ்சம் சப்பையாக, ‘விது’ என்று கேட்டது. பம்பரம் தொடவில்லை. காலுக்கு இடையில் பந்து பாய்ந்து போனது. பின்னால் நின்றிருந்த அந்தப் புதுப்பெண் அதை வாங்கி ஓங்கி அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போய் விழுந்தது.

அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் எழுந்து நின்று, கை சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தேன்.

“ஏம்மா, கோல்தான் ஆகலையே. எதுக்குக் கை தட்டுறே?”

“அவ திரும்பிப் பாக்கல அண்ணே” என்றேன்.